‘போனி அண்ட் கிளைட்’ படத்தைப் பார்ப்பது எப்படி

1930களின் அமெரிக்காவில் கொள்ளையடித்துத் திரிந்த போனி பார்க்கர், கிளைட் பாரோ என்ற உண்மையான ஜோடியைப் பற்றி 1967ஆம் ஆண்டு வெளிவந்த ‘போனி அண்ட் கிளைட்’ படத்தை இன்று முதன்முறையாகப் பார்க்க உட்காருபவர் இரண்டு விதங்களில் ஏமாறக்கூடும். ஹாலிவுட்டின் போக்கையே மாற்றிய படம் என்று கேள்விப்பட்டு வருபவருக்கு முதல் அரை மணி நேரம் வெறும் விளையாட்டுத்தனமாகத் தெரியும். விறுவிறுப்பான வங்கிக் கொள்ளைப் படம் என்று நம்பி வருபவருக்கோ, கொள்ளைகள் இவ்வளவு குறைவாகவும் இவ்வளவு சொதப்பலாகவும் இருக்கின்றனவே என்று தோன்றும். இயக்குநர் ஆர்தர் பென் தெரிந்தே வைத்த சொதப்பல்கள் அவை. எந்த இடத்தில் நாம் சிரிக்கிறோம், அந்தச் சிரிப்பு எந்த ஷாட்டில் நின்றுபோகிறது என்று நம்மை நாமே கவனித்துக்கொண்டு பார்த்தால் மட்டுமே இந்தப் படம் முழுமையாகப் பிடிபடும் என்பது என் கருத்து. அதற்கான வழிமுறையைத்தான் இங்கே எழுதுகிறேன். கதையின் முடிவு உட்பட எல்லாவற்றையும் பேச வேண்டியிருப்பதால், படம் பார்க்காதவர்கள் அடுத்த பகுதியோடு நிறுத்திக்கொண்டு, பார்த்து முடித்த பிறகு மீதியைப் படிக்கலாம்.

தொடங்குவதற்கு முன்

படத்தின் நீளம் 111 நிமிடங்கள். அதை ஒரே மூச்சில் பார்த்துவிட வேண்டும். கேலியிலிருந்து கொலைக்கும் கொலையிலிருந்து மீண்டும் கேலிக்கும் படம் சட்டென்று தாவுவதால், இடையில் நிறுத்தி மறுநாள் தொடர்ந்தால் அந்தத் தாவலின் வேகம் போய்விடும். யூடியூபில் தனித்தனியாகக் கிடைக்கும் காட்சித் துண்டுகளை, குறிப்பாக இறுதிக் காட்சியை, முன்கூட்டியே பார்த்துவிட வேண்டாம். 

சத்தத்தைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். படத்தின் தயாரிப்பாளரும் கதாநாயகனுமான வாரன் பேட்டி, துப்பாக்கிச் சத்தம் மற்ற ஒலிகளைவிடத் திடுக்கிட வைக்கும் அளவுக்கு உரக்க இருக்க வேண்டும் என்பதில் பிடிவாதமாக இருந்தார். 1953ஆம் ஆண்டின் ‘ஷேன்’ படத்தில் ஜார்ஜ் ஸ்டீவன்ஸ் கையாண்ட ஒலி அவருக்கு முன்மாதிரி. லண்டனில் படத்தைத் திரையிட்டபோது வெடிச்சத்தம் மட்டுப்பட்டு ஒலிப்பதைக் கவனித்து, அவர் புரொஜெக்டர் அறைக்கே ஏறிப் போனாராம். அங்கிருந்த ஆபரேட்டர், ஒலிக்கலவை மோசமான படம் என்று தானாகவே முடிவு செய்து, எங்கெங்கே சத்தத்தைக் கூட்டவும் குறைக்கவும் வேண்டும் என்று குறிப்பெழுதி வைத்துக்கொண்டு, கர்மசிரத்தையாகப் படத்தைச் ‘சரிசெய்து’ கொண்டிருந்தார் என்று பேட்டி பிற்பாடு சொல்லியிருக்கிறார். இன்றைய தொலைக்காட்சிப் பெட்டிகளில் உள்ள ‘நைட் மோட்’ வசதி செய்வதும் அந்த ஆபரேட்டரின் வேலையைத்தான் என்பதால், அதை அணைத்துவிட்டு, வசனம் இயல்பாகக் கேட்கும் அளவில் ஒலியை வைத்துக்கொண்டு, பிறகு ரிமோட்டைத் தொடாமல் இருப்பது நல்லது. இரவு நேரமென்றால் ஹெட்போன் உதவும்.

முன்கூட்டித் தெரிந்திருக்க வேண்டிய வரலாறு அதிகமில்லை. 1929இல் அமெரிக்கப் பங்குச் சந்தை சரிந்த பிறகு வந்த பெருமந்தத்தில், 1930க்கும் 1933க்கும் இடையில் அந்நாட்டில் ஏறத்தாழ 9,000 வங்கிகள் மூடப்பட்டன. வைப்புத் தொகைக்குக் கூட்டரசின் காப்பீடு அப்போது கிடையாது; அது 1934இன் தொடக்கத்தில்தான் நடைமுறைக்கு வந்தது. எனவே வங்கி மூழ்கினால் சேமிப்பும் மூழ்கியது; மூழ்காத வங்கியோ, கடன் கட்ட முடியாத விவசாயியின் வீட்டையும் நிலத்தையும் எடுத்துக்கொண்டது. இன்னொரு செய்தியும் உதவும்: மாநிலக் காவல்துறையின் அதிகாரம் மாநில எல்லையோடு முடிந்தது. டெக்சாஸில் திருடிவிட்டு ஓக்லஹோமாவுக்குள் காரை ஓட்டிவிட்டால் பாதிக் கவலை தீர்ந்தது. இவ்வளவு போதும், படத்தைப் போடுங்கள்.

முதல் முறை பார்க்கும்போது

கேமரா ஷட்டரின் ‘க்ளிக்’ சத்தத்தோடு பழைய பழுப்புநிறப் புகைப்படங்கள் வந்து போவதில் படம் தொடங்குகிறது. எழுத்துகள் மெல்லச் சிவப்பாகின்றன. உடனே திரை முழுவதும் ஒரு பெண்ணின் உதடுகள். டெக்சாஸின் வெக்கையில், தன் அறையில் அலுத்துப்போய்ப் புரண்டுகொண்டிருக்கும் போனி பார்க்கர் (ஃபே டனவே), கட்டில் கம்பிகளுக்கு இடையே சிறைக் கைதியைப் போலத் தெரிகிறாள். அவளுடைய அம்மாவின் காரைத் திருட வந்த கிளைட் பாரோவை (வாரன் பேட்டி) ஜன்னலிலிருந்து பார்க்கிறாள். சில நிமிடங்களில் அவன் துப்பாக்கியைக் காட்ட, அவள் அதைத் தொட்டுப் பார்க்க, அவன் எதிரிலுள்ள மளிகைக் கடைக்குள் போய்ப் பணத்தோடு வெளியே வருகிறான். எல்லாம் உற்சாகமாக, துடிப்பான பாஞ்சோ இசையோடு நடந்து முடிகிறது. இந்தக் கட்டத்தில் நீங்கள் எதையும் ஆராய வேண்டாம். படம் உங்களைச் சிரிக்கச் சொல்கிறது, தயங்காமல் சிரியுங்கள். முதலிலேயே விறைத்துக்கொண்டு உட்காருபவரிடம் இந்தப் படத்தின் வேலை பலிக்காது.

அடுத்து ஒரு கைவிடப்பட்ட பண்ணை வீடு. வீட்டை வங்கிக்குப் பறிகொடுத்த விவசாயி குடும்பத்தோடு கடைசியாக ஒரு முறை அதைப் பார்க்க வந்திருக்கிறார். வாசலில் நட்டிருக்கும் வங்கியின் அறிவிப்புப் பலகையைக் கிளைட் சுடுகிறான். பிறகு துப்பாக்கியை விவசாயியிடம் கொடுக்கிறான். அவர் தன்னிடம் வேலை செய்த கறுப்பினத் தொழிலாளியையும் அழைத்துச் சுடச் சொல்கிறார். அப்போது கிளைட் தங்களை வங்கிக் கொள்ளையர்கள் என்று அறிமுகப்படுத்திக்கொள்கிறான். அதுவரை இருவரும் சேர்ந்து ஒரு வங்கிப் படியைக்கூட மிதித்ததில்லை! அந்த நிமிடத்து மதிப்புக்காகச் சொன்ன வாய்ச்சவடால் அது, மீதிப் படம் முழுவதும் அவர்கள் அதை மெய்யாக்கத்தான் ஓடுகிறார்கள். முதன்முதலாகக் கிளைட் கொள்ளையடிக்கப் போகும் வங்கியோ மூன்று வாரத்துக்கு முன்பே திவாலாகிவிட்டது. பணம் இல்லை என்று சொல்லும் ஊழியரை, அதையே வெளியே காரில் இருக்கும் போனியிடம் சொல்லும்படி அவன் இழுத்து வருகிறான். இன்னொரு கடையில் கசாப்புக்காரர் ஒருவர் வெட்டுக்கத்தியோடு பாய, தப்பித்து ஓடிய கிளைட், அந்த ஆளுக்கு நான் என்ன கெடுதல் செய்தேன், என்னை ஏன் கொல்ல வந்தான் என்று உண்மையாகவே புரியாமல் கேட்கிறான். சிரிப்பு வருகிறது, ஆனால் கொஞ்சம் இடறலோடு.

இனிதான் முக்கியமான காட்சி. பெட்ரோல் பங்க் பையன் சி.டபிள்யூ. மாஸ் (மைக்கேல் ஜே. பொல்லார்ட்) இப்போது அவர்களுடைய டிரைவர். போனியும் கிளைடும் வங்கிக்குள் இருக்கும்போது, வெளியே எஞ்சினை ஓடவிட்டுக் காத்திருக்க வேண்டிய அவன், எதிரே இரண்டு கார்களுக்கு நடுவில் ஓர் இடம் காலியாவதைப் பார்த்து, ஒழுங்கான குடிமகனைப் போலக் காரை அங்கே கொண்டுபோய் நிறுத்துகிறான். பணப்பையோடு வெளியே வந்தவர்கள் காரைக் காணாமல் திகைத்து, கண்டுபிடித்து ஏறுகிறார்கள்; அவன் முன்காரிலும் பின்காரிலும் இடித்து இடித்து வண்டியை வெளியே எடுக்கப் பார்க்கிறான். பழைய மௌனப் படச் சேட்டை போலவே இருக்கிறது. கார் ஒருவழியாக நகரும்போது, வங்கியின் வயதான அலுவலர் ஒருவர் ஓடிவந்து காரின் பக்கவாட்டுப் படியில் தொற்றிக்கொள்கிறார். கிளைட் உள்ளிருந்து சுடுகிறான். கண்ணாடி சிதற, அதற்கு அப்பால் இரத்தம் தோய்ந்த ஒரு முகம், மிக அருகில்.

உங்கள் சிரிப்பு எந்த ஷாட்டில் நின்றது என்று நினைவில் குறித்துக்கொள்ளுங்கள். அந்தக் கிழவர் படியில் ஏறியபோதா, சுட்டபோதா, அல்லது முகம் மறைந்த பிறகுகூடச் சிரிப்பின் மிச்சம் உதட்டில் இருந்ததா? பெரும்பாலானோருக்கு மூன்றாவதுதான் நேர்கிறது, படம் நம்மைப் பிடிப்பதும் அங்கேதான். சுடும் துப்பாக்கியையும் குண்டடி படுபவரையும் ஒரே ஃபிரேமில் காட்டாமல் வெட்டிச் செல்வது தணிக்கை விதிகள் கோலோச்சிய ஹாலிவுட்டின் நெடுநாள் வழக்கமாக இருந்தது. வெட்டு நடுவில் வரும்போது பார்வையாளருக்கு மூச்சுவிட ஒரு நொடி கிடைத்தது. இங்கே அந்த நொடி இல்லை. 1925ஆம் ஆண்டின் ‘பேட்டில்ஷிப் பொட்டெம்கின்’ பார்த்தவர்களுக்கு, ஒடெஸா படிக்கட்டில் மூக்குக்கண்ணாடி உடைந்து இரத்தம் வழிய நிற்கும் பெண்ணின் முகம் நினைவுக்கு வரும்.

அதற்கு அடுத்த காட்சியை விட்டுவிடாதீர்கள். மூவரும் ஒரு திரையரங்கின் இருட்டில் பதுங்குகிறார்கள். திரையில் 1933ஆம் ஆண்டின் இசைப்படம் ஒன்றில் பெண்கள் பணம் வந்துவிட்டதென்று பாடி ஆடுகிறார்கள். பின்வரிசையில் கிளைட் ஆத்திரத்தோடு சி.டபிள்யூ.வைத் திட்டி அடிக்கிறான். போனியோ படத்தில் லயித்துப்போய், பேசுவதென்றால் வெளியே போய்ப் பேசுங்கள் என்று அவர்களை அடக்குகிறாள். ஒரு மனிதர் செத்துச் சில நிமிடங்கள்கூட ஆகவில்லை. இதற்குச் சிரிப்பதா வேண்டாமா என்ற குழப்பத்தோடு முதல் பார்வையை முடித்தால் சரியாகப் பார்த்திருக்கிறீர்கள் என்று பொருள்.

இரண்டாம் முறை: காதைத் தீட்டிக்கொள்ளுங்கள்

ஒரு வாரமாவது விட்டு இரண்டாம் முறை பார்க்கும்போது இசையையும் வேடிக்கைப் பேச்சுகளையும் மட்டும் பின்தொடருங்கள். துரத்தல் காட்சிகளில் ஒலிக்கும் பாஞ்சோ, லெஸ்டர் ஃப்ளாட்டும் எர்ல் ஸ்க்ரக்ஸும் 1949இல் பதிவு செய்த ‘ஃபாகி மௌண்டன் பிரேக்டவுன்’. கதை நடக்கும் முப்பதுகளில் அந்த இசைப்பதிவே பிறந்திருக்கவில்லை; ஆனால் ‘இது விளையாட்டு’ என்று நம் காதில் சொல்ல அதைவிடப் பொருத்தமான வாத்தியம் கிடைத்திருக்காது. எந்தத் தப்பித்தலுக்கு அது ஒலிக்கிறது, எதற்கு ஒலிக்கவில்லை என்று பட்டியல் போட்டால், படம் எப்போது தன் பாத்திரங்களின் கட்சியில் இருக்கிறது, எப்போது விலகி நிற்கிறது என்பது தானாக விளங்கும். இறுதித் துப்பாக்கிச் சூட்டில் இசை இல்லை.

கிளைடின் அண்ணன் பக் (ஜீன் ஹேக்மன்) சொல்லும் ஒரு நகைச்சுவையையும் கவனியுங்கள். நோயாளித் தாய்க்குப் பாலில் பிராந்தி கலந்து கொடுக்கும் மகனைப் பற்றிய கதை. அந்தப் பசுவை மட்டும் விற்றுவிடாதே என்று தாய் சொல்வதாக முடியும். முதல் தடவை சுமாராக இருக்கிறது. அதையே அவன் வேறு ஆட்களிடம் அதே ஆர்வத்தோடு மறுபடியும் சொல்லும்போது, காருக்குள் அடைந்து கிடக்கும் இந்தக் கூட்டத்துக்குப் பேச வேறு எதுவுமில்லை என்பது உறைக்கிறது.

இரண்டாம் பார்வையில் நான் அதிகம் மதிப்பது, நடுப்பகுதியில் அடுத்தடுத்து வரும் மூன்று காட்சிகளை. யூஜின் என்ற ஆளும் (ஜீன் வைல்டர் நடித்த முதல் திரைப்படம் இது) அவன் காதலியும், தங்கள் காரைத் திருடியவர்களைத் துரத்தப்போய், அவர்களிடமே சிக்கிக்கொள்கிறார்கள். ஆனால் சற்று நேரத்தில் எல்லோரும் ஒரே காரில் நெருக்கியடித்து உட்கார்ந்து, ஹாம்பர்கர் தின்றுகொண்டு, கூட்டாளிகளைப் போலச் சிரிக்கிறார்கள். என்ன தொழில் செய்கிறாய் என்று யூஜினைக் கேட்க, பிணங்களை அடக்கம் செய்பவன் என்கிறான். போனியின் முகம் மாறுகிறது. அவர்களை இறக்கிவிடு என்கிறாள். அடுத்த காட்சியில் அம்மாவைப் பார்க்க வேண்டும் என்று அவள் காய்ந்த வயலுக்குள் ஓட, கிளைட் தேடி ஓடுகிறான். தொலைவிலிருந்து எடுத்த அந்த ஷாட்டில், ஒரு மேகத்தின் நிழல் வயல் முழுவதையும் தடவிக்கொண்டு அவர்கள் மீது நகர்கிறது. செயற்கையாக உண்டாக்கியிருக்க முடியாத நிழல் அது. பிறகு, புகை படிந்தாற்போல வெளிறிய ஒளியில், குவாரி மணல்மேட்டில் குடும்பச் சந்திப்பு. போனியின் அம்மாவாக வருபவர் தொழில்முறை நடிகை அல்லர். படப்பிடிப்பு நடந்த பகுதியிலேயே ஆசிரியையாக இருந்தவர். எல்லாம் அடங்கியதும் உங்கள் வீட்டுக்கு அருகிலேயே குடியேறப் போகிறோம் என்று கிளைட் அளக்க, என் வீட்டுக்கு மூன்று மைல் தூரத்தில் குடியேறினால் நீ அதிக நாள் உயிரோடிருக்க மாட்டாய் என்கிறார் அந்த அம்மாள், குரலை உயர்த்தாமல். படத்தில் யாருமே கிளைடை இப்படி நேருக்கு நேர் மடக்குவதில்லை. ஒளிப்பதிவாளர் பர்னட் கஃபிக்கு இந்தப் படம் ஆஸ்கார் பெற்றுத் தந்தது. பக்கின் மனைவி பிளாஞ்சாக நடித்த எஸ்டெல் பார்சன்ஸுக்குத் துணை நடிகைக்கான ஆஸ்கார் கிடைத்தது. பத்துப் பரிந்துரைகளில் வென்றவை அந்த இரண்டுதான். படத்தின் முதுகெலும்பான எடிட்டர் டீடீ ஆலன் பரிந்துரைக்கப்படக்கூட இல்லை.

உண்மையோடு ஒப்பிடும்போது

படத்தை வரலாறாக எடுத்துக்கொள்ளவும் கூடாது, வரலாற்றைத் தெரிந்துகொள்ளாமல் விடவும் கூடாது. உண்மையான கிளைட் 1909இலும் போனி 1910இலும் பிறந்தவர்கள். டல்லாஸின் மேற்குப் பகுதியில் 1930 ஜனவரியில் சந்தித்தார்கள். போனி அப்போது வேறொருவரின் மனைவி. கடைசிவரை விவாகரத்துப் பெறவில்லை. வங்கிகளைவிடச் சிறு கடைகளும் பெட்ரோல் நிலையங்களுமே அவர்களிடம் அதிகம் கொள்ளை போயின. அவர்களது கும்பலின் கையில் இறந்தவர்கள் 13 பேர் என்று கணக்கிடப்படுகிறது, அவர்களில் பெரும்பாலோர் காவலர்கள். கிளைட் டெக்சாஸின் ஈஸ்டம் சிறைப்பண்ணையில் பட்ட துன்பங்களும், அங்கே வேலையிலிருந்து தப்பிக்கத் தன் கால்விரல்களை வெட்டிக்கொள்ளச் செய்ததும் படத்தில் ஒரு வசனமாகச் சுருங்கிவிட்டன. 1933 ஜூனில் நடந்த கார் விபத்தில் போனியின் கால் கடுமையாக வெந்து, அதன் பிறகு அவரால் சரியாக நடக்கவே முடியவில்லை என்பது படத்தில் அறவே இல்லை. ஃபே டனவேயின் தொப்பியும் நடையும் அழகுதான். ஆனால் கடைசி ஒரு வருடம் அந்தப் பெண் நொண்டிக்கொண்டும் தூக்கிச் செல்லப்பட்டும் வாழ்ந்தார் என்பதைத் தெரிந்துகொண்டு பார்க்கும்போது அந்த அழகின் விலை தெரியும்.

சி.டபிள்யூ. மாஸ் என்று ஒருவர் இல்லை. கும்பலில் இருந்த டபிள்யூ.டி. ஜோன்ஸ், ஹென்றி மெத்வின் என்ற இருவரைக் கலந்து உருவாக்கிய பாத்திரம் அது. பிளாஞ்சைத் திரையில் எப்போதும் அலறும், முதிர்ந்த பெண்ணாகக் காட்டியிருக்கிறார்கள். உண்மையான பிளாஞ்ச் பிடிபட்டபோது 22 வயதுப் பெண், படம் வெளிவந்தபோதும் உயிரோடிருந்தார், அந்தச் சித்திரிப்பு அவருக்குப் பிடிக்கவில்லை. மிகப் பெரிய அநீதி, அவர்களைத் தேடிப் போன டெக்சாஸ் ரேஞ்சர் (மாநிலக் காவல் அதிகாரி) ஃப்ராங்க் ஹேமருக்கு. படத்தில் அவர் இந்தக் கும்பலிடம் சிக்கி, புகைப்படத்துக்கு நிற்க வைக்கப்பட்டு, அவமானத்துக்குப் பழிவாங்கவே அவர்களைத் துரத்துவதாக வருகிறது. உண்மையில் அவர் ஒருபோதும் அவர்களிடம் பிடிபடவில்லை. அவருடைய குடும்பத்தினர் வழக்குத் தொடுத்து, 1971இல் தயாரிப்புத் தரப்போடு உடன்பாட்டுக்கு வந்தார்கள். படத்தின் மீது எனக்கு இருக்கும் ஒரே பெரிய மனத்தாங்கல் இதுதான்: கொள்ளையர்களை மனிதர்களாக்கப் போராடிய திரைக்கதை, அவர்களைத் தேடி வந்தவரை ஒரு மீசையும் முறைப்புமாகக் குறுக்கிவிட்டது. ஆயினும் கண்களில் கட்டுப் போட்டிருக்கும் பிளாஞ்சின் காதருகே வந்து இனிமையாகப் பேசி சி.டபிள்யூ.வின் பெயரை வாங்கிக்கொண்டு ஹேமர் சத்தமின்றி வெளியேற, அவர் போனது தெரியாமல் அவள் பேசிக்கொண்டே இருக்கும் காட்சியை மறக்க முடியாது.

இறுதிக் காட்சியை மட்டும் தனியாக

மூன்றாவதாக ஒரு பயிற்சி: கடைசி ஐந்து நிமிடங்களை மட்டும் நிறுத்தி நிறுத்திப் பாருங்கள். காட்டிக்கொடுப்பதற்கான காரணமே அற்பமானது. சி.டபிள்யூ.வின் தந்தைக்குக் கோபம் மகன் செய்த கொலை கொள்ளைகளால் அன்று. அவன் மார்பில் குத்திக்கொண்ட பச்சையால். அவர் சாலையோரம் டயர் பழுதானதுபோல நிற்கிறார். போனியும் கிளைடும் ஒரு பேரிக்காயைப் பகிர்ந்து தின்றபடி வருகிறார்கள். கிளைடின் கறுப்புக் கண்ணாடியில் ஒரு பக்கக் கண்ணாடி விழுந்துவிட்டிருக்கிறது. கிளைட் உதவ இறங்குகிறான். புதரிலிருந்து பறவைகள் எழும்புகின்றன, கிழவர் லாரிக்கு அடியில் பாய்கிறார். கிளைட் போனியைப் பார்க்கிறான், போனி கிளைடைப் பார்க்கிறாள். அந்தப் பார்வைப் பரிமாற்றத்தில் எத்தனை வெட்டுகள் இருக்கின்றன என்று எண்ணிப் பாருங்கள்; எண்ணிவிட்டு அவை எவ்வளவு குறுகிய நேரத்தில் முடிகின்றன என்பதையும் பாருங்கள். அதன் பிறகு குண்டுமழை. நான்கு கேமராக்களை வெவ்வேறு வேகங்களில் ஓடவிட்டு எடுத்ததால், சில துணுக்குகள் சாதாரண வேகத்திலும் சில மெதுவாகவும் மாறி மாறி வருகின்றன. கிளைட் தரையில் மெல்ல உருள்கிறான்; போனி இருக்கையில் துடிக்கிறாள்.

1934 மே 23 அன்று லூசியானாவின் கிப்ஸ்லாந்து அருகே நடந்தது இப்படி இல்லை. இருவரும் காரிலிருந்து இறங்கவில்லை. பதுங்கியிருந்த ஆறு காவலர்கள் நூற்றுக்கும் மேற்பட்ட குண்டுகளைச் சுட, திருட்டு ஃபோர்டு காருக்குள்ளேயே இறந்தார்கள். அவர்களுக்குப் பார்வையைப் பரிமாறிக்கொள்ள ஒரு நொடியைப் படம் தன் கையிலிருந்து கொடுத்திருக்கிறது. அந்தச் சலுகையை வழங்கிவிட்டு, ஒரு வசனமும் இல்லாமல், குண்டு துளைத்த கார் கண்ணாடி வழியே காவலர்கள் நெருங்கி வருவதைக் காட்டிவிட்டுத் திரையை இருட்டாக்குகிறது.

பிறகு படிக்கவும் பார்க்கவும்

அன்றைய விமர்சனங்களைத் தேடிப் படிப்பது பயன் தரும். ‘நியூயார்க் டைம்ஸ்’ நாளிதழின் மூத்த விமர்சகர் பாஸ்லி க்ரவுதர் படத்தைக் கடுமையாகத் தாக்கினார். வன்முறையைக் கோமாளித்தனமாக்கிவிட்டது என்பது அவர் வாதத்தின் சாரம். 1967 அக்டோபரில் ‘நியூயார்க்கர்’ இதழில் பாலின் கேல் எழுதிய நீண்ட கட்டுரை படத்தின் பக்கம் நின்றது. ‘நியூஸ்வீக்’ விமர்சகர் ஜோ மார்கன்ஸ்டெர்ன் முதலில் திட்டி எழுதிவிட்டு, மறுபடி படத்தைப் பார்த்து, அடுத்த இதழிலேயே தன் கருத்தை மாற்றிக்கொண்டார். க்ரவுதரைப் பழைமைவாதி என்று ஒதுக்கிவிடாமல் படியுங்கள். அவர் கண்டது படத்தில் உண்மையாகவே இருக்கிறது, அதை அவர் குறையென்று எடுத்துக்கொண்டார்.

அடுத்த படமாக 1950இல் ஜோசப் எச். லூயிஸ் இயக்கிய ‘கன் க்ரேஸி’யைச் சொல்வேன். அதில் ஒரு வங்கிக் கொள்ளை முழுவதும், கேமரா காரின் பின்னிருக்கையை விட்டு நகராமல், வெட்டே இல்லாத ஒரே ஷாட்டில் எடுக்கப்பட்டிருக்கிறது. வங்கிக்குள் நடப்பதை நாம் பார்ப்பதே இல்லை. டெரன்ஸ் மாலிக்கின் ‘பேட்லாண்ட்ஸ்’ (1973) இதே ஓட்டத்தைச் சிரிப்பும் ஆவேசமும் இல்லாத குளிர்ந்த குரலில் சொல்வது. ஹேமருக்கு நேர்ந்த அநீதியை ஈடுகட்ட விரும்புபவர்கள் 2019இல் கெவின் காஸ்ட்னர் நடித்த ‘தி ஹைவேமென்’ பார்க்கலாம். அதில் போனியின் முகமும் கிளைடின் முகமும் கிட்டத்தட்டக் கடைசிவரை நமக்குக் காட்டப்படுவதில்லை. பென்னின் படத்தைப் பார்ப்பதற்கு முன்பாக மட்டும் அதைப் பார்த்துவிடாதீர்கள், சிரிப்பதற்கு எதுவும் மிச்சமிருக்காது.